குழந்தை பிறந்த முதல் ஒரு மணி நேரம்: ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே சொல்லி வைப்பது எப்படி?

என் மூத்தவன் சிசேரியனில் பிறந்தான். வார்டுக்கு வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, குழந்தை பால் குடித்தானா என்பதுதான். "அதெல்லாம் பவுடர் பால் குடிச்சிட்டு நல்லாத் தூங்குறான், நீ ரெஸ்ட் எடு" என்றார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானும் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை, அவ்வளவுதான். இரண்டாவது பிரசவத்துக்கு, குழந்தை பிறந்ததும் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று வீறாப்பாக இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். மகள் பிறந்து, பால் குடித்து, தூங்கிய பிறகும் அந்தத் தாள் என் பைக்குள்ளேயே இருந்தது. அப்புறம் தங்கை, நாத்தனார், எங்கள் தெருப் பெண்கள் இரண்டு பேர் என்று வரிசையாக உடன் நின்றதில்தான் எது வேலைக்கு ஆகும், எது ஆகாது என்று பிடிபட்டது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஏழாம் மாதம் ஆரம்பித்தால் ஒன்பதாம் மாதத்துக்குள் நிதானமாக முடிக்கலாம். கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம், குறிப்பாக நான்காவதைத் தாண்டி ஆறாவதுக்குப் போக வேண்டாம். பெரும்பாலோர் சறுக்குவது அங்கேதான்.

1. பிரசவம் எங்கே என்று முடிவு செய்யுங்கள், இரண்டாவது இடத்தையும் சேர்த்து

தலைப்பிரசவம் என்றால் வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போய்விடுவோம். ஊத்தங்கரையில் பதிவு செய்து, பாலக்கோட்டில் பிரசவம் பார்ப்பது நம் பக்கம் சாதாரணம். ஆனால் ஏழு மாதமாக உங்களைத் தெரிந்த நர்ஸம்மா ஒரு ஊரில், குழந்தையைக் கையில் வாங்கப்போகிறவர் வேறு ஊரில். முன்னவரிடம் சொன்னது பின்னவருக்குத் தானாகப் போய்ச் சேராது. அதனால் அம்மா வீட்டுக்குப் போன முதல் வாரமே அந்த ஊர் கிராம சுகாதார செவிலியரைப் பார்த்து, பிக்மி எண்ணை (கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது கொடுத்த எண்) காட்டி, இங்கேதான் பிரசவம் என்று சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது இடம் எதற்கு? ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்தவரை அரசு மருத்துவமனைக்கும், அங்கிருந்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் நடுராத்திரியில் அனுப்புவது நடக்கிற விஷயம். தர்மபுரியிலிருந்து மேலே என்றால் தொப்பூர் இறங்கி சேலம். ஓசூர்ப் பக்கம் என்றால் கிருஷ்ணகிரி, அல்லது வீட்டுக்காரர்கள் பதறிப்போய் பெங்களூரு. 108-ம் உங்களுக்குப் பழக்கமான ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் என்று உறுதியில்லை, பக்கத்தில் எங்கே வசதி இருக்கிறதோ அங்கே போகும். ஆகவே நீங்கள் சொல்லி வைப்பது ஒரே ஒரு டாக்டரின் நினைவை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டி மாதிரி மலைப்பக்கத்து ஊர்க்காரர்கள் தேதிக்குச் சில நாள் முன்பே கீழே வந்து தங்குவது நல்லது. மலைப்பகுதி சுகாதார நிலையங்கள் சிலவற்றில் பிரசவத்துக்குக் காத்திருப்பவர்கள் தங்க அறை உண்டு, உங்கள் நர்ஸம்மாவிடம் கேளுங்கள். வண்டியிலேயே பிரசவம் ஆனால் எழுதி வைத்த எதையும் யாரிடமும் காட்ட முடியாது.

2. கையில் இருக்க வேண்டியவை

தாய் சேய் நல அட்டை, பிக்மி எண், கடைசி ஸ்கேன், ரத்த வகை எழுதிய ரிப்போர்ட். இவற்றில் நான்கு விஷயங்களை நீங்களே தேடிப் பாருங்கள், ஏனென்றால் குழந்தைக்கு உடனே என்ன செய்ய வேண்டும் என்பது அவற்றைப் பொறுத்தது.

ரத்த வகை நெகட்டிவ் என்றால், பிறந்தவுடன் தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்துக் குழந்தையின் வகையைப் பார்க்க வேண்டும். குழந்தை பாசிட்டிவ் என்றால் அம்மாவுக்கு 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி, அடுத்த குழந்தைக்குப் பாதிப்பு வராமல் இருக்க. கொடியைத் தூக்கிப் போட்ட பிறகு ஞாபகம் வந்தால், பச்சைக் குழந்தையைக் குத்தி ரத்தம் எடுக்க வேண்டியதாகும்.

சர்க்கரை இருந்தால், பிறந்த சில மணி நேரத்தில் குழந்தைக்குச் சர்க்கரை இறங்கலாம், அடிக்கடி பரிசோதிப்பார்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் குழந்தைக்கும் அந்தப் பரிசோதனை வேண்டும். ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ் என்றால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் ஊசியும் குழந்தைக்கு 12 மணி நேரத்துக்குள் போட வேண்டும். எல்லா இடத்திலும் அந்த மருந்து தயாராக இருக்காது, அதனால் இதை ஒன்பதாம் மாதத்துக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு உறுதி செய்ய வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ஹெபடைடிஸ், எச்ஐவி போன்றவற்றை நான் பின்னால் சொல்லப்போகும் தாளில் எழுதாதீர்கள். அந்தத் தாளை அத்தை, சித்தி, பக்கத்துக் கட்டில்காரர் என்று எல்லோரும் படிப்பார்கள். டாக்டரிடமும் டியூட்டி சிஸ்டரிடமும் நேரில், தனியாகச் சொல்லுங்கள்.

3. ஆசைகளை மூன்று குவியலாகப் பிரியுங்கள்

இந்த வேலையைச் செய்யாமல் பட்டியல் போடக் கூடாது. இணையத்தில் படித்ததை எல்லாம் ஒரே மூச்சில் கேட்டால், ஸ்டாஃப் நர்ஸுக்கு நீங்கள் சண்டைக்கு வந்தவர் மாதிரித்தான் தெரியும்.

முதல் குவியல், ஏற்கெனவே விதியாக இருப்பவை. பிறந்ததும் துடைத்து அம்மாவின் வெறும் மார்பில் போடுவது, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், அழுது நன்றாக மூச்சு விடும் குழந்தைக்குக் கொடியை உடனே வெட்டாமல் ஒன்று முதல் மூன்று நிமிடம் பொறுப்பது, 24 மணி நேரத்துக்குக் குளிப்பாட்டாமல் இருப்பது, வைட்டமின் கே ஊசி, முதல் நாள் தடுப்பூசிகள். இவை உங்கள் தனி ஆசைகளே இல்லை. உலக சுகாதார நிறுவனமும் நம் அரசும் சொல்லும் நடைமுறை. அதனால் இவற்றைச் சலுகையாகக் கெஞ்சவும் வேண்டாம், உரிமை என்று குரலை உயர்த்தவும் வேண்டாம். "மறந்துடாதீங்க சிஸ்டர்" என்ற தொனி போதும். கூட்டம் அதிகமாக இருக்கும் நாளில் இந்த வரிசையில்தான் ஏதாவது ஒன்று விட்டுப்போகும்.

இரண்டாவது குவியல், உண்மையிலேயே நீங்கள் முடிவு செய்ய வேண்டியவை. உடன் யார் நிற்பது, குழந்தையை முதலில் யாரிடம் கொடுப்பது, வெளிப்பால் தேவைப்பட்டால் பாட்டிலா பாலாடையா, போட்டோ எடுக்கலாமா, எப்போது யார் வந்து பார்ப்பது. இஸ்லாமியக் குடும்பங்களில் காதில் பாங்கு சொல்வதும் இதில் வரும். அதைச் சொல்கிற தாத்தாவோ அப்பாவோ பிரசவ அறைக்குள் வர முடியாது. முதல் பால் குடித்து, குழந்தை வெளியே வந்ததும் சொல்லலாமா என்று முன்பே கேட்டு வைத்தால் பதற்றம் இருக்காது.

எங்கள் நாத்தனார் தன் தாளில் ஒரு வரி சேர்த்தாள்: "ஆணா பெண்ணா என்று முதலில் என்னிடம் சொல்லுங்கள், அதற்குப் பிறகு வெளியே சொல்லலாம்." ஏன் என்று நம் மாவட்டத்துப் பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவளுக்கு ஏற்கெனவே இரண்டு பெண் குழந்தைகள். வெளியே யார் முகம் எப்படிப் போனாலும், மூன்றாவதையும் மார்பில் வாங்கி அரை மணி நேரம் நிம்மதியாக இருந்தாள்.

மூன்றாவது குவியல், டாக்டர் முடிவு செய்ய வேண்டியவை. குழந்தை அழவில்லை என்றால் கொடியை உடனே வெட்டி வார்மருக்கு (குழந்தையைச் சூடாக வைக்கும் மேசை) கொண்டு போவது, ஆக்சிஜன், சர்க்கரை இறங்கினால் வெளிப்பால், மஞ்சள் காமாலைக்கு லைட். இவற்றில் நீங்கள் கேட்கக்கூடியது ஒன்றுதான்: "என்ன செய்றீங்கன்னு எங்க வீட்டு ஆள்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க." இதிலும் தர்க்கம் பண்ணப் போனால் முதல் இரண்டு குவியலையும் காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள்.

வைட்டமின் கே ஊசி வேண்டாம் என்று எழுதிக் கொண்டுவந்த ஒரு பெண்ணைப் பார்த்தேன். இயற்கையாக வளர்க்கிறாளாம். பிறக்கும்போது எந்தக் குழந்தைக்கும் அந்த வைட்டமின் போதுமான அளவு இருக்காது, அதனால் திடீரென்று மூளையில்கூட ரத்தம் கசியலாம். தொடையில் ஒரு மில்லிகிராம் ஊசி அதைத் தடுக்கிறது. இதை விருப்பப் பட்டியலில் சேர்ப்பதே தவறு என்பது என் கருத்து. போட்டார்களா என்று கேட்பதுதான் நம் வேலை.

4. ஆஸ்பத்திரிக்கு முன்னால் வீட்டில் பேசுங்கள்

நான் பார்த்தவரை, முதல் நாளில் நடக்கிற தப்புகளில் பாதிக்கு மேல் நம் வீட்டு ஆட்கள் செய்வது. சிஸ்டர் அந்தப் பக்கம் திரும்பியதும் சக்கரைத் தண்ணியில் நனைத்த பஞ்சு வாயில் போயிருக்கும். யாராவது பெரியவர் சேனை வைப்பார். தேன் தடவுவார்கள். ஆஸ்பத்திரி வாசலிலோ தெருவிலோ கழுதையோடு வருகிறவரிடம் ஒரு சங்கு பால் வாங்கி ஊற்றினால் சளி பிடிக்காது என்பார்கள். தொப்புளில் விபூதி, கண்ணில் மை, குளிப்பாட்டி மூக்கை ஊதுவது. இதை எல்லாம் பிறந்த அன்றைக்குத் தடுக்க முடியாது, அன்று நீங்கள் படுத்துக் கிடப்பீர்கள்.

எட்டாம் மாதமே, ஒரு சாயங்காலம், அம்மாவையும் மாமியாரையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசுங்கள். தனித்தனியாகப் பேசினால் ஒருவரிடம் சொன்னது மற்றவருக்கு எதிராகச் சொன்னதாகிவிடும். "நீங்க செய்றது தப்பு" என்று ஆரம்பிக்காதீர்கள். உங்களை வளர்த்தவர்கள் அவர்கள்தான். காரணத்தைச் சொல்லுங்கள்: முதல் பால் மஞ்சளாக, கெட்டியாக, சில சொட்டுதான் வரும், முதல் நாள் குழந்தைக்கு ஒரு வேளைக்குச் சில மில்லி போதும், சக்கரைத் தண்ணி வயிற்றை நிரப்பினால் அது காம்பைப் பிடிக்காது. தேனில் இருக்கும் ஒருவகைக் கிருமி ஒரு வயதுக்குள் உள்ள குழந்தையின் நரம்பைப் பாதிக்கலாம்.

சேனை வைப்பது ஆசீர்வாதம், அதில் எனக்குச் சண்டை இல்லை. எங்கள் வீட்டில் தாத்தா தன் விரலைக் குழந்தையின் நெற்றியில் வைத்து வாழ்த்தினார், வாயில் எதுவும் வைக்கவில்லை. அவருக்கும் குறையில்லை, எங்களுக்கும் பயமில்லை. இப்படி ஒரு மாற்றுவழி கையில் இருந்தால் பேச்சு சுலபமாக முடியும். தொப்புள்கொடி வேண்டும், தாயத்தில் வைக்க வேண்டும் என்று கேட்பார்கள், அது ஒன்றிரண்டு வாரத்தில் தானாக விழும், வீட்டிலேயே எடுத்துக்கொள்ளலாம், அதற்கு ஆஸ்பத்திரியில் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

ஜாதகத்துக்கு நேரம் குறிக்க வேண்டும் என்பதும் நியாயமான ஆசைதான். பிறந்த நேரத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதுவார்கள், அதையே கேட்டுக்கொள்ளலாம். ஆனால் நல்ல நேரம் பார்த்து, 37 வாரத்திலேயே சிசேரியன் வைக்கச் சொல்லி டாக்டரை நெருக்காதீர்கள். மருத்துவக் காரணம் இல்லாமல் 39 வாரத்துக்கு முன் எடுத்தால் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பு கூடுகிறது. நட்சத்திரம் நன்றாக அமைந்து, குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தால் யாருக்கு லாபம்?

5. ஒரே பக்கம், ஆறேழு வரி, பெரிய எழுத்து

பிரசவ அறையில் தாளைப் படிக்கிறவருக்கு அரை நிமிடம்தான் கிடைக்கும், கையில் உறை வேறு இருக்கும். என் இரண்டு பக்கக் கட்டுரை தோற்ற காரணம் இதுதான். தங்கைக்கு எழுதிய தாள் ஏறக்குறைய இப்படி இருந்தது:

"வணக்கம் சிஸ்டர். தலைப்பிரசவம். ரத்தம் ஓ நெகட்டிவ், கொடி ரத்தம் எடுக்க வேண்டும். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன்.
குழந்தை நன்றாக அழுதால் என் மார்பில் போடுங்கள், எடை பிறகு பார்க்கலாம்.
ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்க உதவுங்கள்.
வெளிப்பால் தேவைப்பட்டால் காரணம் சொல்லுங்கள், பாலாடையில் கொடுங்கள்.
குழந்தையைத் தனியாகக் கொண்டு போனால் என் அக்கா கூட வருவார்.
குழந்தைக்கு எது அவசரமோ அதை முதலில் செய்யுங்கள், நாங்கள் கேள்வி கேட்க மாட்டோம். நன்றி."

மருத்துவ விஷயம் முதல் வரியில் இருப்பதைக் கவனியுங்கள். அதைப் படித்தால் அவர்களுக்கு உபயோகம், அதனால் அடுத்த வரியையும் படிப்பார்கள். கடைசி வரியும் அலங்காரத்துக்கு இல்லை. அது இருந்தால்தான் மேலே உள்ளவற்றை நிம்மதியாக ஒப்புக்கொள்வார்கள், அவசரத்தில் தகராறு வராது என்று தெரிந்துவிடுகிறது.

மூன்று பிரதி எடுங்கள். ஒன்றை அட்டையோடு பின் பண்ணுங்கள், ஒன்று உடன் நிற்பவரிடம், ஒன்று கணவரின் போனில் படமாக. ஓசூர், வேப்பனப்பள்ளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் தமிழில் தெளிவாக எழுதத் தெரிந்தவரிடம் எழுதி வாங்குங்கள். வலியில் தாய்மொழிதான் வாயில் வரும், அப்போது தாள் உதவும்.

6. யாரிடம், எந்த வாரம், எப்படிக் கேட்பது

32 முதல் 36 வாரத்துக்குள் முடியுங்கள். அதற்கு முன்னால் சொன்னால் மறந்துவிடும், அதற்குப் பின்னால் என்றால் நீங்களே அட்மிட் ஆகியிருக்கலாம்.

ஓபி நாளில் டாக்டரிடம் இரண்டு நிமிடம் கிடைத்தால் அதிகம், அதனால் முதல் குவியலை அவரிடம் கொட்டாதீர்கள். மருத்துவ விஷயத்தையும், சிசேரியன் ஆனால் குழந்தை எங்கே இருக்கும் என்பதையும் மட்டும் கேளுங்கள். அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்குத் தனியாக ஓபி நாள் வைத்திருப்பார்கள், அன்று கூட்டம் தாங்காது. அந்த வரிசை நகர்ந்து முடிந்த பிறகு பிரசவ வார்டுப் பக்கம் போய் அங்கே பொறுப்பில் இருக்கும் சிஸ்டரைப் பாருங்கள். குழந்தையைக் கையில் வாங்குகிறவர், துடைக்கிறவர், மார்பில் போடுகிறவர் அவர்தான். டாக்டரிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவது நம் ஆட்கள் எல்லோரும் செய்கிற தப்பு.

கேட்கும்போது கேள்வியாகக் கேளுங்கள். என் தங்கை கேட்டது இப்படி: "சிஸ்டர், இங்க குழந்தை பொறந்ததும் அம்மா மேல போடுவீங்களா?" "போடுவோம்மா, நல்லா அழுதா போடுவோம்." "சிசேரியன்னா?" "அது தியேட்டரைப் பொறுத்தது. வார்டுக்கு வந்ததும் போட்டுக்கலாம்." "அப்ப வர்ற வரைக்கும் எங்க அக்கா மேல போட்டுக்கலாமா?" அவர் ஒரு நிமிடம் யோசித்தார். "டாக்டர்கிட்ட சொல்லிப் பாக்குறேன், சட்டை முன்னாடி திறக்கிற மாதிரிப் போட்டுட்டு வரச் சொல்லு."

இந்த மூன்று கேள்வியில் அந்த இடத்தின் வழக்கம் என்ன, எங்கே இடைவெளி விழும், அதை எதனால் நிரப்பலாம் என்று மூன்றும் தெரிந்துவிட்டது. "எனக்கு இது வேணும், அது வேணும்" என்று ஆரம்பித்திருந்தால் "எல்லாம் பாத்துப்போம் போம்மா" என்ற ஒரு வரியோடு முடிந்திருக்கும்.

தனியார் ஆஸ்பத்திரி என்றால் குழந்தை டாக்டர் யார், பிரசவ நேரத்தில் வருவாரா, வெளியிலிருந்து வருகிறவரா என்று கேளுங்கள். அவருடைய ஓபிக்கு ஒருமுறை போய்த் தாளைக் காட்டிவிட்டு வருவது செலவுக்கு ஏற்ற பலன் தரும். பவுடர் பால் டப்பாவை வாங்கி வரச் சொல்லும் பட்டியல் முன்கூட்டியே கையில் கொடுக்கப்பட்டால், எதற்கு என்று கேளுங்கள். பால் பவுடரை ஆஸ்பத்திரி வழியாக விளம்பரப்படுத்துவதைத் தடுக்க 1992-லேயே சட்டம் இருக்கிறது.

7. உடன் நிற்பவர்

தாள் ஒரு கருவிதான், வேலை செய்வது இவர். அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறையில் பெண் உறவினர் ஒருவரை அனுமதிக்கிறார்கள். தானும் குழந்தை பெற்றவராக, தொற்று எதுவும் இல்லாதவராக, சுத்தமான உடையோடு, கடைசி வரை இருக்கக்கூடியவராக இருக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. பாசம் அதிகம் உள்ளவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ரத்தத்தைப் பார்த்து மயங்காதவர், சிஸ்டரிடம் சிரித்துப் பேசத் தெரிந்தவர், மாமியாரிடம் "இல்லைங்க அத்தை, இப்ப வேணாம்" என்று சொல்லத் தைரியம் உள்ளவர் வேண்டும். என் அம்மாவுக்கு முதல் இரண்டும் உண்டு, மூன்றாவது கிடையாது. அதனால் என் தங்கைக்கு நான் நின்றேன்.

அவர் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டியது நான்கு: குழந்தை அழுததும் "அம்மா மேல போடலாமா சிஸ்டர்" என்று ஒருமுறை கேட்பது, கொடி ரத்தம் தேவை என்றால் அதை நினைவூட்டுவது, குழந்தையை வேறு அறைக்குக் கொண்டு போனால் கூடவே போவது, கையிலோ காலிலோ டேக் கட்டியிருக்கிறதா, அதில் அம்மா பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது. தெரியாதவர் யார் கேட்டாலும் குழந்தையைக் கொடுக்கக் கூடாது, அவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தாலும் சரி.

8. அட்மிட் ஆகும் அன்று

நீங்கள் பேசி வைத்த சிஸ்டர் அன்று லீவில் இருப்பார். இதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போனதும் அட்டையைக் கொடுக்கும்போது தாளையும் சேர்த்துக் கொடுத்து, "முதல் வரி மட்டும் படிச்சிடுங்க சிஸ்டர்" என்று சொல்லுங்கள். கேஸ் ஷீட்டோடு வைத்துவிடுவார்கள். அப்புறம் ஷிப்ட் மாறும்போது, வந்த புதியவரிடம் உடன் நிற்பவர் ஒரே வாக்கியத்தில் மறுபடி சொல்ல வேண்டும். தலைப்பிரசவ வலி பன்னிரண்டு மணி நேரத்தையும் தாண்டும், அதற்குள் ஆள் மாறிவிடுவார்கள். பிரச்சினை அந்த மாறுகிற நேரத்தில்தான் வருகிறது. எங்கள் தெருப் பெண்ணுக்குக் குழந்தை சரியாக ஷிப்ட் மாறுகிறபோது பிறந்தது, பழையவர் எழுதிக்கொண்டிருந்தார், புதியவர் உறை மாட்டிக்கொண்டிருந்தார், துணியில் சுற்றி எடைக்குக் கொண்டுபோன குழந்தை நேராக வெளியே போய்விட்டது. அம்மா கையில் கிடைக்க ஒன்றேகால் மணி நேரம் ஆனது.

பையில் துவைத்து வெயிலில் காயவைத்த பழைய பருத்தித் துணி நான்கைந்து, தொப்பி, சாக்ஸ் வைத்திருங்கள். ஒன்று துடைக்க, ஒன்று போர்த்த. மார்கழி, தை மாதங்களில் ஓசூர், தளிப் பக்கம் குளிர் பச்சைக் குழந்தை தாங்குகிற குளிர் இல்லை. பிறக்கிற நேரத்தில் மின்விசிறியை அணைக்கச் சொல்லி உடன் நிற்பவர் கேட்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

9. சிசேரியன், வார்மர், தீவிர சிகிச்சை

இந்தப் பகுதியை 'நமக்கு எதுக்கு' என்று தாண்டிப் போவார்கள், நானும் அப்படித்தான் போனேன்.

சிசேரியனில் நீங்கள் தியேட்டரில் தையலுக்காகப் படுத்திருக்கும் நேரத்தில் குழந்தை வெளியே வந்துவிடும். அந்த ஒரு மணி நேரம் யார் கையில், என்ன வாயில் போகும் என்பதை இப்போதே எழுதி வையுங்கள். அம்மாவால் முடியாதபோது அப்பாவோ அக்காவோ தங்கள் வெறும் மார்பில் குழந்தையைப் போட்டுப் போர்த்திக்கொள்ளலாம், சூடு ஒன்றுதான். முதுகில் ஊசி போட்டுச் செய்த ஆபரேஷன் என்றால் நீங்கள் விழித்துத்தான் இருப்பீர்கள், வார்டுக்கு வந்ததும் படுத்தபடியே பால் கொடுக்கலாம்.

எடை மிகவும் குறைவு, குறைமாதம், மூச்சுத் திணறல் என்றால் பச்சிளங்குழந்தைகள் சிறப்புப் பிரிவுக்கு அனுப்ப வாய்ப்பு உண்டு. அங்கே கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: அம்மா எப்போது உள்ளே வரலாம், பால் பீய்ச்சிக் கொண்டுவந்தால் கொடுப்பீர்களா, கங்காரு முறையில் மார்போடு வைக்க எப்போது விடுவீர்கள், தாய்ப்பால் வங்கி இருக்கிறதா. பிறந்த சில மணி நேரத்துக்குள் பீய்ச்ச ஆரம்பித்து, இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை தொடர வேண்டும், இல்லையென்றால் குழந்தை திரும்பி வரும்போது பால் வற்றியிருக்கும். யாரும் உங்களிடம் வந்து இதை ஞாபகப்படுத்த மாட்டார்கள்.

அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, நோயுற்ற குழந்தைக்கான சிகிச்சை, வண்டி எல்லாம் ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் இலவசம். வெளியே எழுதிக் கொடுத்து வாங்கிவரச் சொன்னால் ஒருமுறை பணிவாகக் கேட்டுப் பார்க்கலாம்.

10. வார்டில் முதல் இரவு, டிஸ்சார்ஜ் வரை

ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை அழும், பால் வரவில்லை என்று தோன்றும், சுற்றி இருக்கிற பத்துப் பேரும் பவுடர் பால் என்பார்கள். அப்போது சிஸ்டரைக் கூப்பிட்டு, "பிடிக்கிறது சரியா இருக்கான்னு பாருங்க" என்று கேளுங்கள். "பால் வரலை" என்று சொல்லிவிட்டால் பதில் டப்பாவாகத்தான் வரும். டாக்டரே வெளிப்பால் வேண்டும் என்றால் மூன்று கேள்வி: காரணம் என்ன, எத்தனை மில்லி, எத்தனை வேளைக்கு. பதில் சர்க்கரை குறைவு, எடை அதிகமாக இறங்கிவிட்டது என்று வந்தால் கொடுத்துவிடுங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம். முதல் சில நாளில் எடை கொஞ்சம் இறங்குவது இயல்பு, பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போனால்தான் கவலை.

பார்க்க வருகிறவர்களை நீங்களே தடுக்காதீர்கள், பொல்லாப்பு. கணவரை வாசலில் நிறுத்துங்கள். "டாக்டர் சொல்லியிருக்காங்க" என்ற வார்த்தைக்கு நம் ஊரில் மரியாதை உண்டு.

கிளம்பும் முன் டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் வைத்து வரிவரியாகப் பாருங்கள். வைட்டமின் கே, பிசிஜி, போலியோ சொட்டு, 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஹெபடைடிஸ் பி, நான்கும் தேதியோடு எழுதியிருக்கிறதா? சிறுநீர், கருப்பு மலம் போனது குறித்திருக்கிறதா? நெகட்டிவ் ரத்தம் என்றால் குழந்தையின் ரத்த வகையும் ஆன்டி-டி போட்ட நேரமும்? அம்மாவுக்குத் தைராய்டு என்றால் குழந்தையின் பரிசோதனை எடுத்தாயிற்றா, எந்தத் தேதியில் எடுக்க வேண்டும்? பெயர், பிறந்த நேரம், பிக்மி எண் சரியா? பிறப்புச் சான்றிதழுக்கும் அதுதான் அடிப்படை. எழுத்து ஒன்று பிசகியிருந்தாலும் அங்கேயே உட்கார்ந்து திருத்தி வாங்குங்கள், வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தால் ஒரு நாள் கூலி போகும்.